போடியில் கால்குலேட்டர் பிடிப்பது எப்படி?

முதல் வேலையாகப் போனைச் சட்டைப் பைக்குள் போடுங்கள். போடிநாயக்கனூர் ஏலக்காய்க் கடையில் போனைத் தடவிக் கணக்குப் போடுகிறவரைப் பார்த்தால், “தம்பி லைனுக்குப் புதுசா?” என்று கேட்டுவிடுவார்கள்.

வாங்கும்போது 12 இலக்கம் பார்த்து வாங்குங்கள். எட்டு போதாதா என்றால், 2019 ஆகஸ்ட்டில் கேரளப் பக்கம் புத்தடி ஏலத்தில் காய் கிலோ 7,000 ரூபாய்க்குப் போனது. அந்த விலைக்கு 15 டன் எடுத்தால் பத்தரைக் கோடி; எட்டு இலக்கத்தில் அடங்காது. எடுக்கப் போவதில்லைதான், ஆசைக்காவது இடம் இருக்கட்டும். ஜி.எஸ்.டி. பொத்தான்கள் வைத்த கேசியோவும் உண்டு. ஏலக்காய்க்கு 5 சதவீதம் ஒன்றே. மற்ற பொத்தான்களைப் பொழுது போகாதபோது அமுக்கலாம்.

இனி ஒரு சோதனை. இரண்டு மூட்டை, 25 கிலோ, 30 கிலோ, கிலோ 2,400. கால்குலேட்டரில் 25 + 30 × 2400 என்று வரிசையாக அடியுங்கள்: 1,32,000. போனில் அதையே அடியுங்கள்: 72,025. போன் மேல் குற்றமில்லை. வாத்தியார் சொன்னபடி பெருக்கலை முதலில் முடிக்கிறது. கால்குலேட்டரோ எடை போடுகிறவர் சொல்லச் சொல்லச் சேர்த்துக்கொண்டே போகிறது. வித்தியாசம் 59,975 ரூபாய். (காய் வாங்குகிறவர்கள் இந்தப் பத்தியைப் படித்துவிட்டுப் போனுக்கு மாறக் கூடாது.)

விலை பேசும் கலைக்கு வருவோம். மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடிப்பார்கள். இங்கே அந்த வேலை கால்குலேட்டருக்கு. எண்ணை அடித்து மேஜைமேல் லேசாகத் தள்ளுங்கள். பேசாதீர்கள். எதிராளி பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார், அழித்துவிட்டுத் தன் எண்ணைத் தட்டித் திருப்பித் தள்ளுவார். “அண்ணே, காய் எட்டு எம்.எம்., கலரைப் பாருங்கண்ணே” என்று அவர் வாய் திறந்துவிட்டால் பாதி ஜெயித்தீர்கள். இதையே போனில் செய்து பாருங்கள். 2,350 என்று அடித்து நீட்டுவீர்கள், சரியாக அந்த நேரத்தில் திரையின் உச்சியில் முதலாளியின் வாட்ஸ்அப் இறங்கும்: “2,500 வரை போகலாம்.” வியாபாரம் உடனே முடியும், 2,500-க்கு.

“அஞ்சாவது மூட்டையை விட்டுட்டீங்க” என்று சண்டை வந்தால் ‘செக்’ பொத்தானை அமுக்கி, அடித்த எடையை ஒவ்வொன்றாகக் காட்டுங்கள். போனிலும் பழைய கணக்கு நிற்கும். நேற்று இன்னொருவருக்குப் போட்ட விலையும் கூடவே நிற்கும்.

ஸ்பைசஸ் போர்டு மின்னணு ஏலத்துக்கும் கால்குலேட்டரை எடுத்துச் செல்லுங்கள். அங்கே விலை எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கணினி சொல்லும். நமக்கு எதுவரை கட்டுப்படியாகும் என்று சொல்லாது.

17 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போடிமெட்டு தாண்டினால் சாரல். ஈர விரலுக்குப் போன் திரை ஏழு என்றால் நான்கு என்னும். ரப்பர் பொத்தானுக்கு அந்தப் பேதமில்லை. ஆனால் காய் உலர்த்தும் ஸ்டோரில் கால்குலேட்டரை வெளியே எடுக்காதீர்கள். பச்சைக்காய் ஐந்து கிலோவுக்கு உலர்ந்தது ஏறக்குறைய ஒரு கிலோ என்பதை அங்கிருப்பவர் வெற்றிலையை மென்றபடியே வகுத்துவிடுவார்.

கடைசியாக, பின்பக்கம் பெயர் எழுதி ஒட்டுங்கள். எல்லாரிடமும் ஒரே மாடல். ஒட்டாவிட்டால் அடுத்த வாரம் உங்களுடையது வண்டன்மேட்டில் யாருக்கோ கமிஷன் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்.