பூண்டு எப்போது போடுவார்?

இத்தாலியின் போலோன்யா நகர வர்த்தக சபையில், தங்கத்தில் செய்த ஒரு பாஸ்தா நாடாவைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். தாலியதெல்லே என்கிற அந்த நாடா வெந்த பிறகு 8 மில்லிமீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்று 1972-இல் முடிவு செய்தார்கள். எங்கிருந்து வந்த கணக்கு என்றால், ஊர் நடுவே நிற்கும் அசினெல்லி கோபுரத்தைக் காட்டுகிறார்கள். அதன் உயரத்தில் 12,270-இல் ஒரு பங்காம். கோபுரத்தை வகுத்துச் சாப்பிடுகிற ஊரில் சமையல் பார்க்கப் போனால் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

அங்கே படிக்கும் அக்கா மகன்தான் ஏற்பாடு செய்தான். "மாமா, பாருங்க, சாப்பிடுங்க. யோசனை மட்டும் சொல்லாதீங்க" என்று படியேறும்போதே எச்சரித்தான்.

சமைத்தவர் அறுபதைத் தாண்டிய ஓர் அம்மாள். நூறு கிராம் மாவுக்கு ஒரு முட்டை. தண்ணீர் ஒரு சொட்டுக்கூட இல்லை. பிசைந்து, மூடி வைத்து, பிறகு என் கையைவிட நீளமான உருட்டுக்கட்டையால் தேய்க்க ஆரம்பித்தார். மாவு பரவிக்கொண்டே போய் மேஜை விளிம்பில் தொங்கியது. அதைச் சுருட்டிச் சரசரவென்று நறுக்கினார். ஸ்கேல் எங்காவது இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. கோபுரம் அவர் கண்ணிலேயே இருந்தது.

அடுப்பில் மதியத்திலிருந்து ராகூ என்கிற இறைச்சிக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. கொத்திய மாட்டிறைச்சி, பன்றிக் கொழுப்பு, வெங்காயம், கேரட், செலரி, வைன், பேருக்குக் கொஞ்சம் தக்காளி. அதில் ஒரு தம்ளர் பாலை வேறு ஊற்றினார். பாலைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன்.

"பூண்டு எப்போது போடுவார்?" என்றேன்.

மருமகன் இத்தாலிய மொழியில் ஏதோ நீளமாகச் சொன்னான். அந்த அம்மாள் முகம் மலர்ந்து என் கன்னத்தைத் தட்டினார். கேள்வி போய்ச் சேரவில்லை என்று அதிலேயே தெரிந்தது.

ராகூவின் செய்முறையையும் 1982-இல் அதே வர்த்தக சபையில் பதிந்து வைத்தார்கள் என்று பிறகு காதோடு சொன்னான். 2023-இல் அதைத் திருத்தியபோது, கூடாதவற்றின் பட்டியலில் பூண்டின் பெயரையே எழுதிவிட்டார்கள். இடையில் என்னைப் போல் யாரோ அங்கே போய்வந்திருக்க வேண்டும்.

பூண்டைப் போலவே ஸ்பகெட்டிக்கும் ராகூவுக்கும் அங்கே ஆகாது. பத்துப் பொருத்தம் பார்க்கிற நம் வீடுகளில்கூட ஏதாவது பரிகாரம் சொல்வார்கள். இங்கே அதுவும் இல்லை. காரணம் என்னவோ நியாயம்தான். வழுவழுப்பான ஸ்பகெட்டியில் இறைச்சி நிற்காமல் தட்டின் அடிக்குப் போய்விடும். கையால் தேய்த்த முட்டை நாடாவின் சொரசொரப்பு அதை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. 'ஸ்பகெட்டி போலோனேஸ்' என்று உலகமெல்லாம் விற்கிற பண்டத்துக்கு அந்த ஊர் பொறுப்பேற்பதில்லை.

சாப்பாடு பிரமாதம். பூண்டு இல்லாததை நான் கவனிக்கவே இல்லை என்று மருமகனிடம் மட்டும் சொல்லவில்லை.

கடைசியில் அந்த அம்மாள், தனக்கு இந்தியச் சமையலும் வரும் என்றார். கோழியில் க்ரீமை ஊற்றி, கறி பவுடர் ஒரு கரண்டி போட்டு, மேலே உலர்ந்த திராட்சை தூவுவாராம்.

நான் முள்கரண்டியைக் கீழே வைத்தேன். கறி பவுடர் என்று ஒன்று எங்கள் வீட்டில் கிடையாது என்பதில் தொடங்கி, மசாலா அரைப்பது, தாளிப்பது, க்ரீம் செய்யும் கேடு, திராட்சைக்கு உரிய இடம் பாயசம் என்பது வரை நிறுத்தாமல் பேசினேன். மருமகன் இரண்டே சொல்லில் மொழிபெயர்த்தான்.

அவர் மறுபடியும் என் கன்னத்தைத் தட்டி, தட்டில் இன்னும் கொஞ்சம் தாலியதெல்லே வைத்தார்.