ரத்தத்தின் வாசல்

கேள்வி: ரத்தசோகைக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் அமெரிக்காவில் பெரும்பாலும் ஒரே மருத்துவரே சிகிச்சை அளிப்பது ஏன்?

பதில்: கட்டியை அறுத்தெடுக்கலாம், உடலெங்கும் ஓடும் ரத்தத்தை எந்த இடத்தில் அறுப்பது? கத்திக்கு வேலையில்லாத அந்த இடத்தில்தான் புற்றுநோய்க்கான மருந்துகள் பிறந்தன. 1942-இல் யேல் பல்கலைக்கழகத்தில் நிணநீர்ப் புற்றுநோயாளி ஒருவருக்கு நைட்ரஜன் மஸ்டர்டு செலுத்தப்பட்டது; 1947-இல் பாஸ்டனில் மருத்துவர் சிட்னி ஃபார்பர், செல்கள் பெருகத் தேவையான ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுக்கும் அமினோப்டெரினை ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்குக் கொடுத்து, சிலரிடம் நோய் தற்காலிகமாகவேனும் தணிவதைக் காட்டினார். அங்கே கற்ற பாடமே பிற உறுப்புகளின் புற்றுநோய்க்கும் கைகொடுத்தது. மேலும், வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்கும் இம்மருந்துகள், ரத்த அணுக்கள் உருவாகும் எலும்பு மஜ்ஜையையும் விட்டுவைப்பதில்லை என்பதால், ரத்தம் அறியாதவர் அவற்றைக் கையாள்வது ஆபத்து. ஆகவே, பொது மருத்துவத்தில் 3 ஆண்டு உறைவிடப் பயிற்சி முடித்தவர், ஃபெலோஷிப் எனப்படும் சிறப்புப் பயிற்சியில் மேலும் 3 ஆண்டுகள் ரத்தவியல், புற்றுநோயியல் ஆகிய இரு துறைகளையும் சேர்த்தே கற்கிறார். தகுதித் தேர்வுகள் மட்டும் தனித்தனி.