சிங்கிள் பேஸில் ஒரு மலையேற்றம்

மேற்கு வர்ஜீனியா மலையில் தோண்டிய கரியை மேடேற்ற, நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் ரயில்வே அதே கரியைக் கொளுத்திக்கொண்டிருந்தது. 3,250 டன் சரக்குக்கு மூன்று ராட்சத மாலெட் நீராவி இன்ஜின்கள். மூன்றும் முக்கி முனகினால் மணிக்கு 7 மைல். நடுவில் எல்க்ஹார்ன் குகை. அதில் ஒற்றைத் தண்டவாளம். மூன்று இன்ஜின் புகையும் உள்ளே குடித்தனம் நடத்தும். டிரைவர்தான் மூச்சுக்கு வேறு இடம் பார்க்க வேண்டும்.

1915இல் கரண்டுக்கு மாறினார்கள். முரட்டுச் சுமைக்கு த்ரீ பேஸ் மோட்டார் வேண்டும். ஆனால் மேலே ஓடியதோ ஒரே கம்பி, சிங்கிள் பேஸ், 11,000 வோல்ட். இத்தாலிக்காரர்கள் த்ரீ பேஸை அப்படியே கொண்டுவரத் தலைக்கு மேல் இரண்டு கம்பி கட்டிவிட்டு, தடம் பிரியும் இடமெல்லாம் முழி பிதுங்கிக்கொண்டிருந்தார்கள். நமக்கெதற்கு அந்த வம்பு என்று இவர்கள் இன்ஜின் வயிற்றுக்குள்ளேயே சிங்கிள் பேஸை த்ரீ பேஸாக்கும் சுழலும் பேஸ் கன்வர்ட்டர் ஒன்றை வைத்தார்கள்.

அந்த மகானுபாவர் லேசில் எழுந்திருக்க மாட்டார். சிங்கிள் பேஸ் கொடுத்தால் நின்ற இடத்திலேயே உறுமுவார். சின்ன மோட்டார் ஒன்று சுற்றிவிட்டு வேகம் பிடிக்க வைத்தால்தான் மூன்றாவது பேஸ் பிறக்கும். அப்போதும் இழுவை மோட்டாரை நேரடியாகத் தட்டிவிட முடியாது. ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு கரண்டை அது கிளம்பும்போதே கேட்கும். வோல்டேஜ் படுத்துவிடும், இழுவிசையும் கூடவே படுத்துவிடும்.

ஆகவே இழுவை மோட்டாரின் ரோட்டார் சுற்றுக்கு நடுவே உப்புக் கரைசல் தொட்டி. டிரைவர் கைப்பிடியை நகர்த்த, கரைசல் மெல்ல ஏறித் தகடுகளை நனைக்கும், தடை குறையும், 3,250 டன்னும் முனகலோடு அசையும். தொட்டி சூடேறி ஆவி விடும். நீராவியை ஒழிக்க வந்த இன்ஜினில் நீராவி! கேட்டால் விஞ்ஞானம் என்பார்கள்.

நிலையான வேகம் இரண்டுதான்: 14 மைல், 28 மைல். இடைப்பட்ட வேகத்தில் போவேன் என்று அடம்பிடித்தால் தொட்டிதான் கொதிக்கும். ஆனாலும் மூன்று மாலெட் செய்த வேலையை இரண்டு மின் இன்ஜின்கள் இரட்டை வேகத்தில் செய்தன. இறக்கத்தில் அதே மோட்டார்கள் ஜெனரேட்டராகி, வண்டி வேகமெடுக்காமலும் பிடித்து வைத்து, கம்பிக்கே கரண்டைத் திருப்பிக் கொடுத்தன.

மின்சாரம் வந்தது புளூஸ்டோன் பவர்ஹவுஸிலிருந்து. அங்கே என்ன எரித்தார்கள் என்கிறீர்களா? வேறென்ன, கரிதான்.

1950இல் ஏற்றம் குறைந்த புதுக் குகை திறந்ததும் கம்பிகளை அவிழ்த்துவிட்டார்கள். அமெரிக்காவே டீசலுக்கு ஓடிக்கொண்டிருந்த நேரம். இந்தப் புண்ணியவான்கள் நீராவி இன்ஜினை மறுபடி மலையேற்றி, 1960 வரை கரியை ஊதித் தள்ளினார்கள்.