குருணைக்கும் கோழிக்கும் ஒரே சட்டமா?

ஏலே பேராண்டி, அரிசி ஏத்துமதி பண்ணப் போறியாமே? குருணையக்கூட டாலராக்கிப்புடுவேன்னு உங்க அத்தகிட்டச் சொன்னியாம். அந்தக் குருணையிலதாம்லே சங்கதியே இருக்கு.

2021ல நம்ம நாட்டுக் குருணையில மரபணு மாத்துன அரிசி கலந்திருக்குன்னு பிரான்சுக்காரன் சத்தம் போட்டான். அந்த மாவு சேந்த மிட்டாயெல்லாம் கடையிலருந்து திரும்பிப் போச்சு. "எங்க நாட்டுல அந்த நெல்லு சாகுபடியே கெடையாது"ன்னுச்சு நம்ம சர்க்கார். சத்தியம் பண்ணுனா சோதனைக்கூடத்துல செல்லுமாலே?

அதே வருசம் நடந்த கூத்தையும் கேளு. சோயாப் புண்ணாக்கு வெல ஏறுச்சு, கோழிப் பண்ணைக்காரங்க கத்துனாங்க. உடனே மரபணு மாத்துன சோயாப் புண்ணாக்கு 12 லட்சம் டன் வரலாம்னு தில்லி கதவத் தெறந்துருச்சு. கேட்டா, புண்ணாக்குல உயிர் கெடையாதாம். பசிச்ச கோழி கொக்கரிச்சா சட்டத்துக்கு எம்புட்டு ஞானம் வருது பாத்தியா!

மரபணு மாத்துன பருத்திக்கு 2002லயே சரின்னாங்க. கத்தரிக்காய 2010ல வாசல்லயே நிறுத்திட்டாங்க. வங்கதேசத்துக்காரன் 2013ல அதே கத்தரிக்காய்க்கு அனுமதி குடுத்துட்டான். எல்லைய ஒரு எட்டுத் தாண்டுனா காயோட சாதகமே மாறிப்போகுதுலே!

நம்ம கதைய விடு, அமெரிக்காக்காரன் கெட்டிக்காரன்தான? 2010ல அவன் சர்க்கார் சரின்னு சொன்ன மரபணு மாத்துன மக்காச்சோளத்த வெதச்சான். சீனாக்காரன் சரின்னு சொல்றதுக்குள்ள கப்பல்லயும் ஏத்திட்டான். 2013 கடைசியில சீனாக்காரன் கப்பல் கப்பலாத் திருப்பிவிட்டான். அந்த ரகத்தத் தொடாத சம்சாரிகூட, "எஞ் சோளத்துக்கும் வெல போச்சே"ன்னு கோர்ட்டுப் படியேறுனான். 2014 டிசம்பர்ல சீனாக்காரன், "சரி, கொண்டா"ன்னுட்டான். சோளம் அதே சோளந்தான், காயிதந்தான் மாறுச்சு. வெத வித்த சின்ஜெண்டா கம்பெனி 150 கோடி டாலர் குடுத்து வழக்க முடிச்சுக்கிட்டுச்சு. உங்கிட்ட அம்புட்டு இருக்கா?

அதனால, நெல்லக் கொள்முதல் பண்றதுக்கு முந்தி வாங்குறவன் ஊருச் சட்டத்தப் படி. இங்கயே சோதன பண்ணி, சான்றிதழ கையில வச்சுக்கிட்டு மூட்டையத் தூக்கு. கப்பல் திரும்புனா செலவு யாருதுன்னு ஒப்பந்தத்துல எழுதி வாங்கிக்க. எழுத மறந்துட்டாலும் கவலப்படாத. அந்தச் செலவு தானா வழி விசாரிச்சுக்கிட்டு உன் வீட்டுக்கே வந்து சேந்துரும்.