நனைத்துத் தைப்போர்

புதிதாக வாங்கிய ரவிக்கைத் துணியையும், அதற்கு உட்புறம் வைத்துத் தைக்கும் மெல்லிய பருத்தித் துணியான லைனிங்கையும் ஓர் இரவாவது வாளித் தண்ணீரில் ஊறப்போடாமல் டைலரிடம் கொடுப்பது குடும்ப கௌரவத்துக்கு இழுக்கு என்று கருதும் ஒரு வகையினர் தமிழ்நாட்டு நடுத்தர வீடுகளில் உண்டு; வசதி கருதி இவர்களை முன்நனைப்பாளர் என்று குறிப்பிடலாம். இவர்களுள் பெண்களே மிகுதி என்றாலும், கதர்ச் சட்டைத் துணியை நனைப்பதற்கு முன்னும் பின்னும் அளவுநாடா வைத்து அளந்து, வித்தியாசத்தை நாட்குறிப்பில் எழுதிவைக்கும் ஓய்வுபெற்ற கணக்காசிரியர்களையும் இவ்வினத்திலிருந்து விலக்க இயலாது.

இயற்பியல் முன்நனைப்பாளரின் பக்கமே நிற்கிறது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். பருத்தித் துணியைத் தறியில் நெய்யும்போதும், பின்னர் ஆலையில் சாயமேற்றி உலர்த்தும்போதும் நூல்கள் இழுத்துப் பிடிக்கப்பட்ட நிலையிலேயே இருக்கின்றன. தண்ணீர் பட்டதும் அந்தப் பிடி தளர்வதோடு இழையும் பருத்துவிடுவதால், பருத்த நூலின் மேலும் கீழுமாக வளைந்து செல்லும் மற்ற நூலுக்குக் கூடுதல் நீளம் தேவைப்பட, அந்த நீளத்தைத் துணி தன் அளவிலிருந்தே எடுத்துக் கொடுக்கிறது. நெடுக்கே ஓடும் பாவு நூல் குறுக்கே ஓடும் ஊடை நூலைவிட அதிகம் இழுபடுவதால், சுருக்கம் பெரும்பாலும் அகலத்தைவிட நீளத்திலேயே மிகுதி. நூற்றுக்கு 5 பங்கு சுருங்கும் துணியானால், 80 செ.மீ. ரவிக்கைத் துண்டில் 4 செ.மீ. காணாமல் போகும். பாலியஸ்டர் கலந்த மேல்துணி அப்படியே இருக்க உள்ளிருக்கும் லைனிங் மட்டும் சுருங்கினால், தையலோரமெங்கும் சுருக்கம் விழுந்து மேல்துணி உப்பிக்கொள்ளும் என்பதும் உண்மையே.

1930ஆம் ஆண்டில் அமெரிக்கரான சான்ஃபோர்டு க்ளூவெட் காப்புரிமை பெற்ற சான்ஃபரைசிங் முறை, அதாவது துணியை ஆலையிலேயே ஈரப்படுத்தி இயந்திரத்தால் நெடுக்குவாட்டில் நெருக்கி முன்கூட்டியே சுருக்கிவிடும் முறை, இக்கவலையைப் பெருமளவு குறைத்துவிட்டது. கடைக்காரர் இதைத் தம் மொழியில், “இது சுருங்காதும்மா, கேரண்டி” என்று எடுத்துரைப்பார். முன்நனைப்பாளர் அதைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, துணியை வாங்கிக்கொண்டு, வீட்டுக்கு வந்து நனைப்பார்.

இவருக்கு நனைத்தல் என்பது சோதனை மட்டுமன்று, விசாரணையும் கூட. மறுநாள் காலையில் வாளித் தண்ணீர் கலங்கியிருக்கும். அதில் பெரும்பகுதி, விறைப்புக்காக ஆலையில் ஏற்றிய கஞ்சியும் இழையில் ஒட்டாத உபரிச் சாயமுமே என்றாலும், அவ்வாளி வீட்டிலுள்ள ஒவ்வொருவரின் பார்வைக்கும் வைக்கப்பட்டு, “பாத்தீங்களா, எவ்வளவு அழுக்கு!” என்ற தீர்ப்பு வாசிக்கப்பட்ட பிறகே கொட்டப்படும். அடர்சிவப்போ கருப்போ ஆனால் ஒரு கைப்பிடி கல்லுப்பும் சேரும். சாயமேற்றும்போது சாயத்தைத் தண்ணீரிலிருந்து இழைக்குள் தள்ளுவதற்கு உப்பு உதவுகிறது என்பது மெய். ஏற்றி முடித்த துணியில் சாயத்தைப் பிடித்து நிறுத்தும் ஆற்றல் அதற்கு இல்லை. ஆயினும் இந்த உண்மையை ஒரு முன்நனைப்பாளரிடம் எடுத்துச் சொல்லத் துணிபவர், அவ்வீட்டில் அன்று காப்பியை எதிர்பார்க்காதிருப்பது நல்லது.

இவ்வகையினருக்கு உண்மையான சோதனைக் காலம் ஐப்பசி. தீபாவளிக்கு எடுத்த துணியை அடைமழையில் நனைத்து உலர்த்த வேண்டியிருப்பதால், நாற்காலி முதுகுகளும் சன்னல் கம்பிகளும் மின்விசிறிக்குக் கீழே கட்டிய கொடியும் ரவிக்கைத் துண்டுகளால் நிறைந்துவிட, குடும்பத்தினர் குனிந்தே நடமாடுவர். துணி உலர்வதற்குள் டைலர், “இனிமே பொங்கலுக்குத்தான்” என்று கூறி ஆர்டர் எடுப்பதை நிறுத்திவிடுவதும் உண்டு. அப்போதும் முன்நனைப்பாளர் தம் கொள்கையைக் கைவிடுவதில்லை. பழைய சேலையில் பண்டிகையைக் கழிப்பார்.

டைலரின் நிலை இரண்டுங்கெட்டான். “லைனிங் நனைச்சாச்சாக்கா?” என்று கேட்பவர் அவரே, நனைத்துக் கசங்கி, ஓரமெல்லாம் நூல் பிரிந்து, பாவும் ஊடையும் கோணலாகி வந்து சேரும் துணியை இஸ்திரி போட்டு நேராக்கி வெட்ட வேண்டியவரும் அவரே. ஆகவே பல டைலர்கள் “நாங்களே நனைச்சுக்கிறோம்” என்று முன்வருவர். ஆனால் பிறர் நனைத்த துணியை நனைத்த துணியாக ஏற்கும் வழக்கம் இவ்வினத்தில் இல்லை. பட்டு ரவிக்கைக்கான லைனிங்கையும் இவர் நனைத்தே தருவார். அந்த ரவிக்கை ஆயுள் முழுதும் டிரை வாஷுக்கு மட்டுமே போகப்போகிறது, தண்ணீரைக் காணப்போவதில்லை என்பது அவருக்கும் தெரியும்.

அமெரிக்காவில் துண்டுத் துணிகளை இணைத்து, நடுவே பஞ்சு விரிப்பு வைத்து க்வில்ட் என்னும் போர்வை தைப்போரிடையேயும் இதே பிளவு உண்டு; ஆனால் நனைக்காத அணியினருக்கு அங்கே ஒரு நியாயம் கிடைத்திருக்கிறது. தைத்த பின் துவைத்தால் துணியும் பஞ்சும் சேர்ந்து சுருங்கி விழும் நெளிவுகள் பழம்போர்வையின் அழகைத் தருகின்றன என்று அவர்கள் அதையே விரும்பிக் காத்திருக்கின்றனர். ரவிக்கையில் அத்தகைய அழகுணர்ச்சிக்கு இடமில்லை.

நனைக்காமல் தைப்பவருக்குத் தமிழ்ச் சமூகம் வழங்கியிருக்கும் பெருஞ்சலுகை ஒன்றை முன்நனைப்பாளர் தாமே இழந்துவிடுகிறார் என்பதுதான் இதில் கவனிக்கத்தக்கது. ஆறு மாதம் கழித்து ரவிக்கையின் கொக்கி எட்டாமற்போகும்போது, நனைக்காதவர் “துணி சுருங்கிடுச்சு” என்று சொல்ல, சுற்றியிருப்போர் நாகரிகமாகத் தலையசைப்பர். விருந்துகளின்மீதோ நடைப்பயிற்சியின்மீதோ பேச்சுத் திரும்பாது. சுருங்க வேண்டியதை முன்பே சுருக்கிவிட்டதாக ஊரறிய அறிவித்தவருக்கோ அந்த வாசல் அடைபட்டிருக்கிறது. எனினும் முன்நனைப்பாளர் எளிதில் மடங்குபவர் அல்லர். பருத்தியின் சுருக்கம் முதல் நனைப்போடு முடிந்துவிடாது, அடுத்தடுத்த துவைப்புகளிலும் சிறிது சிறிதாகத் தொடரும் என்ற அறிவியல் உண்மை அவருக்குத் துணைவருகிறது. ஆகவே அவர் உள்தையலைப் பிரித்து விடும்படி டைலரிடம் ரவிக்கையை அனுப்பிவிட்டு, அடுத்த துணியை இருமுறை நனைக்கிறார்.