ஒரு ஜாமுக்கு எத்தனை பக்கம்?

விடியற்காலை நாலரை மணி பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். ஜொகூரின் மாசாயிலிருந்தும் தம்போயிலிருந்தும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிற கூட்டம், கண்ணாடியில் தலையைச் சாய்த்து வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருக்கும். ஒரே ஓர் இருக்கையில் மட்டும் கைப்பேசி விளக்கு எரியும். விளக்குக்குக் கீழே ஒரு தடித்த புத்தகம். புத்தகத்துக்கு மேலே சுருங்கிய ஒரு நெற்றி. அவர்தான் தத்துவ அண்ணன். அவருக்கு வேறு பெயரும் உண்டு. அது பாஸ்போர்ட்டுக்கு மட்டும்தான் பயன்படுகிறது.

நீங்களும் நானும் புத்தகத்தைப் பக்கத்தால் அளப்போம். அண்ணனுக்கு அளவு ஜாம்.

“இந்த காண்ட் இருக்காரே தம்பி, ரெண்டு ஜாமுக்கு ஒரு பக்கம். மார்க்கஸ் அரேலியஸ் பரவால்ல, ஒரு ஜாமுக்கு பத்து பக்கம் ஓடும். நீட்சேக்கு மழை பெய்யணும்.”

நடுஜாமத்தில் எழுந்து ஜாமில் வந்து உட்காருகிறவரின் கணக்கு அது. 1924இல் திறந்த ஜொகூர் பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். அந்தத் தூரத்துக்குள் அண்ணன் ஏதென்ஸ் போயிருக்கிறார், ரோமாபுரி போயிருக்கிறார், காண்ட் பிறந்து வளர்ந்து மறைந்த கோனிக்ஸ்பெர்க் வரைக்கும் போய்த் திரும்பியிருக்கிறார். அக்கரையில் இருக்கும் உட்லண்ட்ஸ்தான் இன்னும் வந்து சேரவில்லை.

காண்ட் மேல் அவருக்கு ஒரு தனிப் பொறாமை. மனிதர் ஆயுள் முழுக்கக் கோனிக்ஸ்பெர்க் வட்டாரத்தை விட்டு நகரவே இல்லையாம். “பாஸ்போர்ட் இல்ல, வரிசை இல்ல, கஸ்டம் இல்ல, கஷ்டமும் இல்ல. அப்புறம் ஏன் தம்பி 800 பக்கம் யோசிக்க மாட்டாரு?” மார்க்கஸ் அரேலியஸ் மேல் பொறாமை கிடையாது, உறவுதான் உண்டு. அந்த ரோமாபுரிச் சக்கரவர்த்தி தனக்காக எழுதிவைத்த குறிப்புகளில், காலையில் படுக்கையை விட்டு எழ மனசு வராததைப் பற்றியும் எழுதியிருக்கிறார். அதைப் படித்த அன்று அண்ணன் பக்கத்து இருக்கைக்காரரை எழுப்பிச் சொன்னார். எழுப்பப்பட்டவர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

அண்ணனின் படிப்பில் ஒரு சிக்கல் உண்டு. ஜொகூர் பக்கம் ஒரு தடவை இறங்க வேண்டும், சிங்கப்பூர் பக்கம் ஒரு தடவை இறங்க வேண்டும். இரண்டு முறையும் புத்தகத்தை மூடிப் பையில் திணித்து, சோதனையைக் கடந்து, ஓடிப்போய் அடுத்த பஸ்ஸுக்கு வரிசை பிடிக்க வேண்டும். ஆகவே எந்தத் தத்துவஞானியின் வாதமும் அவரிடம் முழுசாக வந்து சேர்ந்ததில்லை. ‘ஆன்மா அழியாதது, ஏனென்றால்…’ வரை ஜொகூரில் படித்திருப்பார். ஏனென்றால் என்னவென்று சிங்கப்பூரில் யாருக்கும் தெரியாது.

மூடும்போது அடையாளம் வைக்க ஏதாவது வேண்டுமே? நாலு நம்பர் லாட்டரிச் சீட்டு வைப்பார். பேராசையைத் துறக்கச் சொல்கிற பக்கத்தில் அது கூசாமல் படுத்திருக்கும். அதில் இருக்கும் நம்பரைப் பாருங்கள்: 1781. காண்ட் தன் பெரிய புத்தகத்தை வெளியிட்ட ஆண்டு. போன வாரம் 1900, நீட்சே இறந்த ஆண்டு. அதற்கு முந்தின வாரம் 1943, சார்த்தர் புத்தகம் வந்த ஆண்டு. சாக்ரட்டீஸ் நஞ்சு குடித்தது கி.மு. 399 என்பதால் முன்னால் ஒரு பூஜ்யம் போட்டுக்கொள்வார். “பெரியவங்க காலத்துல நம்பர் எடுக்கிற பழக்கம் இல்ல தம்பி. நாமதான் அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்.”

ஒரே ஒரு முறை அடித்தது. போத்தியஸ் என்ற ரோமானியர் மரண தண்டனையை எதிர்நோக்கிச் சிறையில் இருந்தபோது ‘தத்துவத்தின் ஆறுதல்’ என்று ஒரு நூல் எழுதினார். ஏறக்குறைய 524ஆம் ஆண்டில். அண்ணன் 0524 எடுத்தார். விழுந்தது ஆறுதல் பரிசு. அன்றைக்கு பஸ்ஸில் பாதிப் பேருக்கு அவர் செலவில் தே தாரேக். தத்துவத்தால் பயன் உண்டு என்பதை அந்த பஸ் ஒப்புக்கொண்ட நாள் அது ஒன்றுதான்.

இவ்வளவு படிக்கிறவர் வீட்டில் எவ்வளவு படிப்பார் என்று கேட்கத் தோன்றும். ஜொகூர் மாநிலம் 2014இல் வார விடுமுறையை வெள்ளி, சனி என்று மாற்றியது. பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை பள்ளி. அண்ணனுக்குச் சிங்கப்பூர்க் கணக்கில் ஞாயிறுதான் லீவு. 2025 பிறந்து பழையபடி சனி, ஞாயிறு ஆகும் வரை, 11 ஆண்டுகள், ஞாயிறு காலையில் வீடு நிசப்தம். காற்றாடி ஓடும். சாய்வு நாற்காலி காத்திருக்கும். அந்த 11 ஆண்டு ஞாயிறுகளில் அண்ணன் படித்து முடித்தது மூன்று பக்கம். மற்ற நேரமெல்லாம் தூக்கம்.

“வீட்ல எந்திரிச்சுப் போயிடலாம் தம்பி. பஸ்ல எங்க போறது?” அண்ணனின் படிப்பு ரகசியம் இந்த ஒரு வாக்கியம்தான்.

அந்த வீட்டில் சாமி மேடைக்குப் பக்கத்தில் கண்ணதாசனின் ‘அர்த்தமுள்ள இந்துமதம்’ பத்துப் பாகமும் இருக்கிறது. முதல் பாகம் முனை மழுங்கி, மஞ்சள்கறை பிடித்து, நடுவில் இரண்டாகப் பிளந்திருக்கும். பத்தாம் பாகத்தைத் திறந்தால் இன்னும் கடைவாசனை அடிக்கும். கோயிலில் நடந்த சைவ சித்தாந்த வகுப்புக்கும் சில காலம் போனார். சிவஞான போதத்தில் பன்னிரண்டே சூத்திரம் என்று கேள்விப்பட்டதும், வாரம் ஒன்றாக மூன்று மாதத்தில் முடித்துவிடலாம் என்று விரல் மடக்கினார். ஆசிரியரோ தீபாவளிக்குத் தொடங்கி, தைப்பூசம் வரை முதல் சூத்திரத்தின் முதல் சொல்லிலேயே நின்றார். ஜாம் என்பது பாலத்தில் மட்டும் இல்லை என்று அண்ணனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை. நீண்ட விடுமுறை தொடங்குகிற நாள். வீடு திரும்பும் பஸ் பாலத்தின் நடுவில் நின்று அரை மணி நேரம் ஆகிவிட்டது. இரு பக்கமும் மோட்டார்கள் புகைவிட்டுக்கொண்டு நின்றன. அண்ணனின் முகத்தில் மட்டும் பொங்கல் வைத்த களை. அவர் மடியில் கிரேக்கத் தத்துவம். பக்கத்து இருக்கையில் ஒரு தொழிற்சாலைப் பெண் பிள்ளை.

“இதான்மா ஜீனோ சொன்னது. ஏலியான்னு ஒரு ஊரு, கி.மு. 5ஆம் நூற்றாண்டு. இங்கேருந்து கஸ்டத்துக்குப் போகணும்னா முதல்ல பாதி தூரம் போகணும். சரியா? மிச்சத்துல பாதி. அதுல மிச்சத்துல பாதி. பாதி போய்க்கிட்டே இருக்குமே தவிர, போய்ச் சேரவே முடியாது. அதனால நகர்வுங்கிறதே பொய்.”

அந்தப் பிள்ளை ஜன்னல் வழியே முன்னால் நின்ற லோரியைப் பார்த்தது. கடிகாரத்தைப் பார்த்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, “அண்ணே, கொஞ்சம் காலை மடக்குங்க” என்றது. ஓட்டுநரிடம் சொல்லிக் கதவைத் திறக்க வைத்து இறங்கி, பாலத்தின் ஓரமாக நடந்து போயேவிட்டது.

அண்ணன் வெகுநேரம் ஜன்னலில் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். குரல் கம்மியிருந்தது. “நகர்வு பொய்னு சொன்னவனுக்குப் பதில் சொல்ல டயோஜினிஸ் பேசாம எந்திரிச்சு நடந்து காட்டினான்னு ஒரு கதை உண்டு தம்பி. 200 பக்கம் தள்ளி வருது. அந்தப் பிள்ள படிக்காமலே அங்க போயிருச்சு.” நாங்கள் கஸ்டத்தை அடைந்தபோது அந்தப் பிள்ளை மாசாய் பஸ்ஸில் ஏறி வீட்டுக்கே போயிருக்கும்.

இப்போது அண்ணனுக்கு ஒரு புதுக் கவலை. புக்கிட் சாகாரிலிருந்து உட்லண்ட்ஸ் நார்த்துக்கு 4 கிலோமீட்டருக்கு ரயில் பாதை போட்டிருக்கிறார்கள். பயணம் 5 நிமிடம்தானாம். இரு நாட்டுச் சோதனையும் ஏறுகிற இடத்திலேயே முடிந்துவிடுமாம். ஊரே மகிழ்ச்சியில் இருக்க, ஜாமில் நின்ற பஸ்ஸில் அண்ணன் மட்டும் துக்க வீட்டுக்காரர் மாதிரி இருந்தார்.

“அஞ்சு நிமிஷத்துல என்னத்த தம்பி படிக்கிறது?”

“குறள் படிங்கண்ணே. ரெண்டே வரி.”

அவர் முகம் இன்னும் இருண்டது. “அது ஆபத்து தம்பி. காண்ட்னா இன்னும் முடிக்கலன்னு சொல்லியே காலத்த ஓட்டிடலாம். குறள் ரயில் கதவு மூடுறதுக்குள்ள முடிஞ்சிரும். அப்புறம் அது சொன்னத செய்யணும்ல?”

அந்த நேரம் பார்த்து முன்னால் லோரிகள் விலகின. பஸ் உறுமிக்கொண்டு வேகம் எடுத்தது. அண்ணன் அவசரமாகச் சீட்டைப் பக்கத்தில் செருகி, “சே!” என்று புத்தகத்தை மூடினார்.