மின்வெட்டும் மீந்த குழம்பும்: வேலூர்–ஆம்பூர் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுப் பின்புலம்: 2012-ல் சென்னைக்குத் தினமும் 2 மணி நேர மின்வெட்டு. சென்னையைத் தாண்டிய பல ஊர்களில் அது 12 மணி நேரத்தையும் தாண்டியது. அதற்கு முந்தைய ஆண்டு செப்டம்பர் 15-ல்தான் அரசு விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தைத் தொடங்கியிருந்தது. மிக்சி வந்தது, கரண்ட் போனது, துணி துவைக்கும் இடத்தில் கிடந்த அம்மி மீண்டும் பதவிக்கு வந்தது. இந்நிலையில், வேலூர் வெயிலில் நேற்றைய கோழிக் குழம்பைக் காப்பது எப்படி என்பதே நம் ஆய்வுப் பொருள்.

முன்னோர் கருத்து: கதவைத் திறக்காவிட்டால் ஃப்ரிட்ஜ் சுமார் 4 மணி நேரமும், நிரம்பிய ஃப்ரீசர் 48 மணி நேரமும் குளிரைத் தாங்கும் என்பர் மேலைநாட்டு அறிஞர். அவர்கள் கூட்டுக் குடும்பத்தைக் கணக்கில் கொள்ளவில்லை.

களஆய்வு: கதவைத் திறப்போர் மூவகையர். பால் திரிந்துவிட்டதா என்று பார்ப்பவர் முதல் வகை. உள்ளே இன்னும் ஜில்லென்று இருக்கிறதா என்று கைவிட்டுப் பார்ப்பவர் இரண்டாம் வகை. "ஏன் எல்லாரும் சும்மா சும்மா திறக்கறீங்க?" என்று அதட்டி, உள்ளே என்ன ஆயிற்று என்று தாமும் திறந்து பார்ப்பவர் மூன்றாம் வகை, பெரும்பாலும் குடும்பத் தலைவர்.

ஒப்பாய்வு: பேரணாம்பட்டு, வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் மண்டிகளில் இந்தப் பிரச்சினையே இல்லை. பச்சைத்தோலுக்கு உப்பைத் தாராளமாகத் தடவி அடுக்கிவிட்டால் ஈரம் இறங்கும். அழுகல் கிருமிக்கு வேலை இருக்காது. ஊறுகாயும் கருவாடும் நிற்பது இதே விதியில்தான். குழம்பில் அந்த அளவு உப்புப் போட்டால் அதுவும் கெடாது. சாப்பிட ஆள்தான் இருக்காது.

ஆம்பூர் தீர்வு: விறகடுப்பு, சீரகச் சம்பா, மூடிமேல் தணல் போட்டுத் தம். கூடவே புளி சேர்ந்த கத்திரிக்காய். இதில் எந்தக் கட்டத்திலும் மின்வாரியத்துக்கு இடமில்லை. மதியத்துக்குள் அண்டா காலியாகிவிடுவதால் பாதுகாப்பு என்ற கேள்வியே எழுவதில்லை.

முடிவு: உணவைக் காக்கச் சிறந்த இடம் வயிறு.

பரிந்துரை: கரண்ட் போனால் கறியை உடனே அடுப்பில் ஏற்றுங்கள், மாவு பொங்கி வழியும் முன் தோசை வார்த்துவிடுங்கள், அக்கம்பக்கத்தாரைக் கூப்பிடுங்கள். குளிர் விட்டு வெகுநேரம் ஆன கறியை முகர்ந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள், கொட்டிவிடுங்கள். ஃப்ரீசரில் ஐஸ்கிரீம் இருந்தால் மட்டும், மேலாய்வுக்காக, கட்டுரையாளருக்குச் சொல்லி அனுப்புங்கள்.